முதல் மழைக்கு மறுநாள் வந்து தண்ணீர் எடுங்கள்

நீலகிரியின் ஏரி, அணைத் தண்ணீரைச் சோதிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஏரித் தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை என்று மறுபடியும் பதில் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் மாதிரி எடுத்தது பிப்ரவரியில். மேட்டுக் கேரட் தோட்டங்களில் அடிக்கிற பூச்சிமருந்து மழைத் தண்ணீரோடுதான் ஏரிக்கு ஓடி வருகிறது. மேட்டிலிருந்து ஒரு சொட்டுகூட ஓடி வராத மாதத்தில் எடுத்தால் குறை எப்படித் தெரியும்? அறிக்கையில் பிராணவாயு இருக்கிறது, கோலிஃபார்ம் கிருமி இருக்கிறது, பூச்சிமருந்துக்கு ஒரு வரிகூட இல்லை. குடிநீருக்கான ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரத்தில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அளக்காமல் தாண்டியதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

போன கோடையில் முதல் மழை அடித்து ஊற்றிய மறுநாள், குழாயைத் திறந்ததுமே மருந்து வாடை. கொதிக்க வைத்தால் இன்னும் தூக்கலாக வந்தது. கீழ்வீட்டு அக்கா கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கத் தண்ணீர் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார், எல்லார் குடத்திலும் அதே தண்ணீர்தான். கடைசியில் டவுனிலிருந்து கேன் வந்து சேர மதியமாகிவிட்டது, அதுவரை குழந்தை அழுத அழுகையை உங்கள் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

கேரட் போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. மருந்தடிக்காமல் புள்ளி விழுந்த கேரட்டுக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலை கிடைக்கும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம், மருந்து ஓடை வழியாக மட்டும் வருவதில்லை, காற்றில் ஏறி மழையோடும் இறங்கும். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரி நடுவே ஐல் ராயல் தீவில், பக்கத்தில் விவசாயமே இல்லாத ஓர் ஏரியின் மீனில் டாக்ஸபீன் இருந்தது. அது தெற்கே எங்கோ பருத்திக்கு அடித்த மருந்து. அதனால் மழைநீரையும் பிடித்துச் சோதியுங்கள்.

சுற்றுலா வருகிறவரின் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், 2024 முதல் காருக்கு இ-பாஸ் வேறு. சரி, நல்லதுதான். ஓடைக்குள் கிடக்கும் காலி மருந்து பாட்டில்கள் எந்தப் பாஸில் வந்தனவோ!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: முதல் மழைக்கு மறுநாள் வந்து தண்ணீர் எடுங்கள், பூச்சிமருந்துக்குச் சோதியுங்கள், முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். மழை பெய்ததும் நாங்களே போன் செய்கிறோம். மாதிரிக்குக் கண்ணாடி பாட்டிலாகக் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் என்றால் செக்போஸ்டில் பிடுங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஏரிக்குக் கீழே குடியிருக்கும் ஒருவன்