ஸ்கிப்டன் டிரில் ஹால்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை மேல்வகுப்புப் பிள்ளைகளை ஸ்கிப்டனுக்குக் கூட்டிச் சென்று அங்குள்ள டிரில் ஹாலையும், அதாவது பழைய படைப்பயிற்சிக் கூடத்தையும், காட்டப்போகிறோம் என்று அறிவித்ததும் சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள்: "கோட்டையைப் பார்க்கட்டும், கால்வாயைப் பார்க்கட்டும். பட்டாளத்துக் கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. நம்மில் பலர் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். சீருடையைக் கண்டால் எனக்கும் இன்றுவரை நெஞ்சு திக்கென்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஸ்கிப்டன் என்ற பெயருக்கே ஆட்டூர் என்றுதான் பொருள். ஆடும் கம்பளியுமாக வளர்ந்த யோர்க்ஷயர் சந்தை ஊர். அங்கே பட்டாளம் எப்படி வந்தது?

1859இல் பிரான்ஸ் படையெடுத்துவிடும் என்ற பயம் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டது. முந்தைய ஆண்டு பாரிஸில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மீது வீசிய குண்டுகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை என்று தெரிந்து பிரான்ஸில் ஒரே கொதிப்பு. அந்த மே மாதம், ஊர்தோறும் தொண்டர் படை அமைக்க அரசு அனுமதி கொடுத்தது. கடைக்காரரும் குமாஸ்தாவும் கைத்தொழிலாளரும் வேலை முடிந்த பின்னேரங்களில் பயிற்சிக்கு வந்தார்கள். சம்பளம் இல்லை. ஆரம்பத்தில் துப்பாக்கியும் சீருடையும்கூடச் சொந்தச் செலவு. சந்தை ஊர்களில் தானியச் சந்தை மண்டபத்திலும் சத்திரத்து முற்றத்திலும் நடை பழகினார்கள். மழைக்கு ஒதுங்க இடம் வேண்டாமா? ஊர்கள் நன்கொடை திரட்டியும் விற்பனைச் சந்தை நடத்தியும் டிரில் ஹால்களைக் கட்டத் தொடங்கின.

ஸ்கிப்டனில் ஓட்லி வீதியில் உள்ள டிரில் ஹால் 1892இல் முடிந்தது. வெலிங்டன் கோமகன் படைப்பிரிவின் மூன்றாம் தொண்டர் பட்டாலியனுக்கு அது தலைமையகம். இப்படிப்பட்ட கூடங்களில் வீதிப்பக்கம் அலுவலக அறைகளும் ஆயுத அறையும் இருக்கும். பின்னால் நடுவில் தூணே இல்லாத பெரிய மண்டபம். அணி திரும்பத் தூண் இடைஞ்சல் அல்லவா? தூண் இல்லாத தரை நடனத்துக்கும் தோதானது. அதனால் கச்சேரி, நடனம், கண்காட்சி எல்லாம் டிரில் ஹாலில்தான் என்று பல ஊர்களில் ஆகிவிட்டது. ஊர்ப் பெடியன்களுக்கு அங்கே போவது பட்டாளத்துக்குப் போவது மாதிரியே இருந்திருக்காது.

1908இல் தொண்டர் படையைப் பிராந்தியப் படையாக மாற்றினார்கள். ஸ்கிப்டன்காரர்கள் ஆறாவது பட்டாலியன் ஆனார்கள். கடல் கடந்து போகவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, நாட்டுக்குள் காவல்தான். 1914 ஆகஸ்டில் போர் வந்ததும் அதே மண்டபத்தில் கூடினார்கள். வெளிநாட்டுக்குப் போகச் சம்மதமா என்று பிராந்தியப் படையினரிடம் அந்த மாதமே கேட்கப்பட்டது. 1915 ஏப்ரலில் பட்டாலியன் பிரான்ஸில் இறங்கியது. அந்த டிசம்பர் 19ஆம் தேதி, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, பிரிட்டிஷ் படைமீது ஜெர்மனி முதன்முறையாக பொஸ்ஜீன் நச்சுவாயுவை ஏவியபோது இவர்களுடைய பட்டாலியன் சேர்ந்திருந்த டிவிஷன் என்ற பெரும்படைப் பிரிவு அங்கேதான் நின்றது.

என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த ஆகஸ்ட் மாதம்தான். ஒரே ஆலையில் வேலை செய்பவனும் ஒரே தெருவில் வளர்ந்தவனும் பக்கத்தில் நிற்க, "நீ வருகிறாயா?" என்று கேட்டால், "இல்லை" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? மாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள். 1916இல் கட்டாயச் சேவைச் சட்டம் வந்து அந்தத் தெரிவையும் எடுத்துவிட்டது. தொண்டர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை நம் பிள்ளைகள் தமிழில் பேச வேண்டும், எழுத வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டில் நாம் பேசத் தயங்கும் சிலவற்றை அவர்கள் அப்போது நம்மிடம் கேட்கக்கூடும். கேட்கட்டும்.

கட்டடத்தை வெளியில் நின்றுதான் பார்ப்போம், அரை மணி நேரம். அப்புறம் ஹை ஸ்ட்ரீட்டின் மேல்முனையிலுள்ள போர் நினைவுத்தூண், அதன் பிறகு கோட்டை. மழைச் சட்டையும் மதியச் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள். போர் பற்றிய பேச்சு உங்கள் பிள்ளைக்குச் சிரமம் என்று நினைத்தால் அனுமதிப் படிவத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள், காரணம் எழுதத் தேவையில்லை. அந்த அரை மணி நேரமும் ஓர் ஆசிரியை அவர்களைச் சந்தைக்குக் கூட்டிப் போவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்