யூதாஸைப் பெற்றவள்

கர்த்தருக்குள் அன்பான மகள் ஜெனிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் அம்மாவை வைத்து நீ எழுதுகிற கதையில், அனுப்பிய அத்தியாயங்களை எல்லாம் வாசித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மாமா விஷயம். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தைக் காட்டி, "ஒருவன் இவைகளோடே எதையாகிலும் கூட்டினால்" என்று அவர் சொன்னதும், வேதத்தில் இல்லாததைக் கூட்டுகிறோமோ என்று பயந்து நீ எழுதுவதையே நிறுத்திவிட்டாயாம். அது லேசாக எடுத்துக்கொள்கிற வசனம் இல்லை, எனக்கும் அதில் பயம் உண்டு. ஆனால் யோவான் "இந்தப் புஸ்தகம்" என்று சொல்வது தன் தரிசனங்களை எழுதிய அந்த ஒரு சுருளைத்தான். புதிய ஏற்பாட்டை ஒரே புஸ்தகமாகக் கட்டி யாரும் அன்றைக்குக் கையில் வைத்திருக்கவில்லை. உபாகமம் 4-ஆம் அதிகாரத்தில் மோசேயும் ஒன்றும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்கிறார். சங்கீதங்கள், ஏசாயா, நான்கு சுவிசேஷங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதானே. தேவன் பேசியதைத் திரிக்காதே என்பதுதான் கட்டளை. அதைக் கேட்டு மனதில் எழுகிற கேள்வியை அடக்கிவிடு என்று அதில் இல்லை.

வேதம் முழுமையானதா என்று கேட்டிருந்தாய். நம் வீட்டிலேயே அதற்கு இரண்டு கணக்கு உண்டு. என் பைபிளில் 66 புஸ்தகங்கள், கத்தோலிக்கரான அப்பா வீட்டு பைபிளில் 73. உன் அத்தை கல்யாணப் பூசையில் வாசித்த தோபித்து என்ற புஸ்தகம் என் பைபிளில் கிடையாது. எத்தியோப்பியாவின் பழைய சபை 81 என்று எண்ணுகிறது. நாம் இன்று வாசிக்கிற 27 புதிய ஏற்பாட்டுப் புஸ்தகங்களை, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல், அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனாசியு ஒரு கடிதத்தில் வரிசைப்படுத்தியது 367-ஆம் வருஷம்தான். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் என்று நம்மிடம் இருப்பதற்கு முன்னாலேயே இன்னொரு நிருபம் எழுதியதாகப் பவுலே சொல்கிறார், அது நமக்குக் கிடைக்கவில்லை. இயேசு செய்த எல்லாவற்றையும் எழுதினால் புஸ்தகங்களை உலகம் கொள்ளாது என்று யோவானே முடிக்கிறார். ஆனால் அதே யோவான், நீங்கள் விசுவாசித்து ஜீவனை அடையும்படி இவ்வளவு எழுதியிருக்கிறது என்றும் சொல்கிறார். என் விசுவாசம் அதில் நிற்கிறது. இரட்சிப்புக்கு வேண்டியதில் எந்தக் குறையும் இல்லை. நடந்தது அத்தனையும் எழுதப்பட்டிருக்கிறதா என்றால், இல்லை. அந்த இடத்தில் நீ நிற்கலாம், ஜெனி.

அதுவும் நீ எடுத்திருக்கிற ஆளைப் பார். மத்தேயுவில் யூதாஸ், காட்டிக்கொடுத்ததற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டு நான்றுகொண்டு சாகிறான். அந்தக் காசில் குயவனுடைய நிலத்தை வாங்குகிறவர்கள் ஆசாரியர்கள். அப்போஸ்தலருடைய நடபடிகளில் நிலத்தைச் சம்பாதிக்கிறவனே அவன்தான், தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். இரண்டையும் இணைத்து விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு, நானும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கத்தைச் சொன்னவள்தான். ஆனால் சபை ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவில்லையே. இரண்டையும் அப்படியே கையில் கொடுத்திருக்கிறது. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்கும் ஒரே பதில் இல்லை. பணப்பையைச் சுமந்த திருடன் என்கிறார் யோவான். லூக்காவோ சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்கிறார்.

அவன் அப்பா பேர் சீமோன் என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். அம்மாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. நீ அவளைப் பிடித்துக்கொண்டாய். "அந்த மனுஷன் பிறவாதிருந்தானானால் அவனுக்கு நலமாயிருக்கும்" என்று யூதாஸைப் பற்றி இயேசு சொன்ன வசனத்தைப் பெரிய வெள்ளிக்கு வெள்ளி கேட்டிருக்கிறேன். அதைப் பெற்றவள் கேட்டால் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு பிரசங்கியாரும் என்னைக் கேட்கவைக்கவில்லை. அவள் குயவனிடம் போய் நிலத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கிறாளே, அவன் தொகையைச் சொன்ன பிறகும் காது கேளாதவள் மாதிரி மறுபடியும் கேட்கிறாளே, அந்த இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. அதில் வேதத்தின் ஒரு எழுத்தையும் நீ மாற்றவில்லை. ஆனாலும் அந்த வசனம் எனக்கு இனி பழையபடி கேட்காது.

முன்னுரை மட்டும் வேண்டாம். "சபை மறைத்த உண்மை" என்று ஆரம்பித்திருக்கிறாய். எதை மறைத்தார்கள்? யூதாஸ் பேரில் ஒரு சுவிசேஷம் இருக்கிறது என்று 180-ஆம் வருஷத்தை ஒட்டியே ஆதிச் சபையின் பிஷப் ஐரேனியு வெளிப்படையாக எழுதி, அதைக் கண்டித்தும் இருக்கிறார். 2006-இல் அச்சில் வந்தபோது யார் வேண்டுமானாலும் வாங்கி வாசித்தார்கள். இயேசுவே இரகசியமாக யூதாஸை அனுப்பினார் என்று நீ வைத்திருக்கும் கட்டம் அதிலிருந்து வந்த சாயல்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டம் உன் கதையைக் கெடுக்கிறது. அவன் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவன் என்றால் அவன் துக்கம் பொய்யாகிவிடும். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று அவன் போய் நின்றபோது, "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று ஆசாரியர்கள் கைவிரித்தார்களே, அந்தக் கொடுமைக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும். மகன் செய்தது குற்றம் என்று தெரிந்தும் அவனை விட முடியாதவள் உன் நாயகி. அவளுக்காக அவன் குற்றத்தைத் துடைத்துவிடாதே.

கதையைக் கதை என்றே சொல். வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியில் 3615 பாட்டு பாடினார். சுவிசேஷத்தில் மரியாளின் புருஷன் யோசேப்பு வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக இல்லை, அவரை நாயகனாக்கி முழுக் காப்பியமே செய்துவிட்டார். அப்பா வீட்டார் அதைக் கொண்டாடுகிறார்கள், ஆனால் பூசையில் சுவிசேஷம் வாசிக்கிற இடத்தில் யாரும் அதை வைத்து வாசிப்பதில்லை. உன் புத்தகத்துக்கும் அந்த இடம் போதும், அது சின்ன இடம் இல்லை.

ஒரு திருத்தம். காசைத் தெருவில் எறிவதாக எழுதியிருக்கிறாய், தேவாலயத்துக்குள் என்று மாற்று. இரத்தக்கிரயம் என்பதால் அதைக் காணிக்கைப்பெட்டியில் போடக்கூடாது என்று ஆசாரியர்கள் நியாயம் பேசுகிறார்கள் பார், அதையும் சேர்த்துக்கொள். உன் நாயகி அதைக் கேள்விப்பட்டால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த அத்தியாயத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா