‘செல்லோ வாசிப்பவர்’ போன வழியில் இன்னொரு படம் போக வேண்டாம்

பென்சில்வேனியா நுண்கலை அகாதெமியின் மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். தங்களிடம் மிஞ்சியிருக்கும், அமெரிக்க ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸின் ஓவியங்களில் ஒன்றைக்கூட இனி விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1844-இல் பிலடெல்பியாவில் பிறந்து, பாரிஸில் ஓவியர் ஜெரோமிடம் பயின்று, ஸ்பெயினில் பழம்பெரும் ஓவியர் வெலாஸ்கெஸின் படங்களைக் கண்டு வியந்து ஊர் திரும்பிய ஏக்கின்ஸ், 1916-இல் இறக்கும்வரை தம் ஊர் மனிதர்களையே வரைந்தார். 1875-இல் அவர் தீட்டிய ‘கிராஸ் கிளினிக்’ ஓவியத்தில், அறுவை மருத்துவர் சாமுவேல் கிராஸின் கையில் படிந்திருந்த இரத்தத்தைக் காணச் சகியாத நடுவர்கள், மறு ஆண்டு நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியில் அதைக் கலைப் பிரிவில் சேர்க்க மறுத்தனர். இராணுவ மருத்துவமனைப் பிரிவில்தான் அது தொங்கியது.

தங்கள் அகாதெமியோ அவரை ஆசிரியராக ஏற்று, 1882-இல் இயக்குநராகவும் உயர்த்தியது. சுதைச் சிற்பங்களைப் பார்த்து மாதக்கணக்கில் நகலெடுப்பதை விடுத்து, உயிருள்ள உடலைப் பார்த்துத் தூரிகையாலேயே வரையவும், பிணக்கூறாய்வின் வழியே தசையும் எலும்பும் இயங்கும் விதத்தை அறியவும் அவர் மாணவர்களைப் பழக்கினார். மாணவிகளும் இருந்த வகுப்பில் ஆண் மாதிரியின் இடைத்துணியை அகற்றியதற்காக 1886-இல் பதவி விலக வைக்கப்பட்டார். அவருடனேயே வெளியேறிய மாணவர்கள் தனிச் சங்கம் தொடங்கினர் என்பதே, அவர் எத்தகைய ஆசிரியர் என்பதற்குப் போதிய சான்று என்று கருதுகிறேன்.

வெளியேற்றிய அகாதெமியே 1897-இல் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசிக்கும் கலைஞரை அவர் வரைந்த ‘செல்லோ வாசிப்பவர்’ ஓவியத்தை விலைக்கு வாங்கியது. தாமதமாக வந்தாலும் அது நேர்மையான மதிப்பு. 2006-இல் ‘கிராஸ் கிளினிக்’ 6.8 கோடி டாலருக்கு வெளியூர் போகவிருந்தபோது அதை வாங்கி ஊரிலேயே தக்கவைக்க 3,000-க்கும் மேற்பட்டோர் நன்கொடை அளித்தனர். பற்றாக்குறையை ஈடுகட்டத் தாங்கள் அந்தச் செல்லோக் கலைஞரின் படத்தை விற்றீர்கள். ஊரின் பெரும் ஓவியம் ஊரிலேயே தங்கியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் வாங்கியவர் பெயர்கூட வெளியிடப்படாமல் ஒரு படம் பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைந்ததை இன்றும் மனம் ஏற்கவில்லை.

பட்டப் படிப்புகளையே நிறுத்த வேண்டிய அளவுக்கு நிதி நெருக்கடி முற்றியிருப்பதால் என் அச்சம் கூடுகிறது. மனிதரை உள்ளது உள்ளபடி காணும் ஓவியர் என்று கவிஞர் வால்ட் விட்மன் ஏக்கின்ஸைப் போற்றினார். ஏக்கின்ஸ் வரைந்த அந்த விட்மனின் உருவப்படம் இன்று தங்களிடம் இருக்கிறது. அது உட்பட ஏக்கின்ஸின் படைப்புகள் எதுவும் விற்பனைக்கு இல்லை என எழுத்துமூலம் தீர்மானம் நிறைவேற்றுங்கள். செல்லோக் கலைஞரின் படத்தை வாங்கியவரிடமும் பேசி, சில மாதங்களுக்கேனும் அதை இரவலாகப் பெற்று அதன் பழைய வீட்டில் காட்சிக்கு வையுங்கள்.

பணிவுடன்,
ஓர் ஓவிய ஆர்வலர்