குழந்தை மருத்துவர் சங்கங்களே, மாநாட்டுச் செலவு யாருடையது?

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். கைக்குழந்தைகளுக்கான பால்பவுடரை நம் நாட்டில் விளம்பரம் செய்ய முடியாது. 1992இல் வந்து 2003இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால்பவுடர், பால்புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்திருக்கிறது. டப்பாவின்மேல் குழந்தைப் படம்கூடப் போடக்கூடாது. இப்படி எல்லா வாசலும் அடைபட்ட வியாபாரிக்கு மிஞ்சியிருப்பது உங்கள் அறைதான். பெற்றவள் விளம்பரத்தைச் சந்தேகிப்பாள், மாமியாரை நிச்சயம் சந்தேகிப்பாள்; டாக்டரைச் சந்தேகிக்க மாட்டாள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் எட்டு நாடுகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள், குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பால்பவுடரை மருத்துவப் பணியாளரே பரிந்துரைத்ததாகச் சொன்னார்கள். அந்த எட்டில் இந்தியா இல்லை. ஆனால் இங்கே நடப்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

என் மகளுக்குத் தனியார் மருத்துவமனையில் சிசேரியன். பால் சரியாக வரவில்லை என்று இரண்டாம் நாள் அழுதாள். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்கத் தாமதமாகலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளையை எப்படி அணைத்துப் பிடிப்பது, காம்பை எப்படிக் கவ்வ வைப்பது என்று காட்டித்தர ஒரு நர்சுக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் யாருக்கும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் வைட்டமின் டி சொட்டுமருந்துக்குக் கீழே, அதே கையெழுத்தில், ஒரு பால்பவுடரின் பெயர் இருந்தது. எதற்காக, எத்தனை நாளைக்கு என்று ஒரு சொல் இல்லை. கீழ்த்தளத்து மருந்துக் கடையில் அந்த டப்பாதான் கண்ணுக்கு நேரே அடுக்கியிருந்தது. வாங்கிப் பார்த்தால், தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பா சொல்கிறது! சட்டம் மிரட்டியதால் கம்பெனி அச்சடித்த அந்த ஒரு வரியைக்கூட டாக்டரின் சீட்டு சொல்லவில்லை. சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டப்பாப் பால் புகட்டிய வேளைகளில் பிள்ளை மார்பைத் தேடவில்லை. பால் இன்னும் குறைந்தது. ‘போதவில்லை’ என்று சீட்டில் எழுதாமல் எழுதியிருந்தது அப்படித்தான் மெய்யானது.

அந்தப் பெயரை எழுதிய டாக்டர் காசு வாங்கினார் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. என்னைப் போன்றவர்களுக்குத் தெரியவும் வழியில்லை. என் புகாரே அதுதான்.

சட்டத்தின் 9ஆம் பிரிவு, பால்பவுடர் நிறுவனங்கள் மருத்துவர்களுக்கோ அவர்களுடைய சங்கங்களுக்கோ எந்தப் பணப் பயனும் தரக்கூடாது என்கிறது. கருத்தரங்கு, மாநாடு, ஆராய்ச்சி, உதவித்தொகை என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (5,000 ரூபாய்க்கு மாநாட்டில் எத்தனை பேர் பகலுணவு சாப்பிட முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.) ஆனால் இந்தப் பிரிவு பிடிப்பது கொடுக்கிற கையை. வாங்குகிற கைக்கு மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதி இருந்தது. 2016இல் அதிலிருந்து ‘மருத்துவர் சங்கங்கள்’ என்ற சொற்களை நீக்கிவிட்டார்கள். தனி மருத்துவர் வாங்கினால் குற்றம், அவரே தலைவராக இருக்கும் சங்கம் வாங்கினால் விதி வாயைத் திறக்காது. ‘ஊட்டச்சத்து ஆய்வு மையம்’ போன்ற பெயர்ப்பலகைகளோடு கம்பெனிகள் நுழைவதற்கு இதைவிட வசதி வேண்டுமா?

அறிவை வளர்த்துக்கொள்ளத்தானே மாநாடு என்பீர்கள். வளர்த்துக்கொள்ளுங்கள், சொந்தச் செலவில். பிரிட்டனில் குழந்தை மருத்துவர்களின் ராயல் கல்லூரி, பால்பவுடர் நிறுவனங்களின் பணம் இனி வேண்டாம் என்று 2019இல் முடிவு செய்தது. அதன் பிறகும் அங்கே குழந்தை மருத்துவம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தாயை இழந்த குழந்தைக்கும், தாய்ப்பாலையே உடம்பு ஏற்காத கேலக்டோசீமியா போன்ற நோயுள்ள குழந்தைக்கும், இன்னும் சிலருக்கும் டப்பா உணவு தேவைதான். புட்டிப்பால் கொடுக்கும் எந்தத் தாயையும் நான் குறை சொல்ல வரவில்லை.

உங்கள் சங்கங்களிடம் கேட்பது இரண்டு. ஒவ்வொரு மாநாட்டின் வரவுசெலவையும், பணம் தந்தவர்களின் பெயரோடும் அவர்களுடைய தாய் நிறுவனத்தின் பெயரோடும் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். பால்பவுடர் எழுதித்தரும் உறுப்பினர்கள் கம்பெனிப் பெயரைத் தவிர்த்து, அதற்கான மருத்துவக் காரணத்தையும் எத்தனை நாள் என்பதையும் சீட்டிலேயே எழுதவேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் தோற்றால், யார் யார் எதிர்த்தார்கள் என்பதையும் வெளியிடுங்கள். எந்த டாக்டரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி