அக்காவுக்கு, மகளின் புதுப் பள்ளிக்கூடம் பற்றி

அன்புள்ள அக்கா,

நேற்று அனுமதிப் பணத்தைக் கட்டிவிட்டேன். தரம் 6க்கு என் மகள் அந்தச் சர்வதேசப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். நீங்கள் ஃபோனை வைத்த விதத்துக்குப் பிறகு திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை, எழுதுகிறேன். திருகோணமலையில் பாதிப் பேர் இதை வாசிப்பார்கள். ஆகவே எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரும் இதில் வராது. அத்தான் சொன்னதும் வராது.

உங்கள் கணக்கு சரிதான். லண்டன் உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு, இங்கே பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி இல்லை. பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கு 55 இடம் மாவட்ட அடிப்படையில் போகிறது, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5. நம் பிள்ளைக்குத் திறந்திருக்கும் அந்தக் கதவை நானே சாத்துகிறேன் என்றீர்கள். சாத்துகிறேன்தான். அது கம்பெனிச் சட்டத்தில் பதிந்த இடம், கல்வி அமைச்சுக்குப் பதில் சொல்லாது என்றீர்கள். 1961 சட்டத்துக்குப் பிறகு புதிதாகத் தனியார் பள்ளிக்கூடம் தொடங்க வழியில்லை, அதனால்தான் அப்படிப் பதிகிறார்கள். சரி. இவளுடைய அரசாங்கப் பள்ளிக்கூட வகுப்பில் இரண்டு தவணை ஆங்கிலத்துக்கு ரீச்சர் இல்லாமல் இருந்தபோது எனக்கு யார் பதில் சொன்னார்கள்?

எனக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டீர்கள். கோயில் இருக்கும் கோட்டையின் வாசலில் ஆமிக்காரன் பையைக் கொட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு மான் என் கையிலிருந்த கச்சான் சுருளைத் தாளோடு பிடுங்கியது. இந்த மான்கள் கோட்டைக்குள் எப்படி வந்தன என்று கேட்டேன். “எனக்குத் தெரியாதடா. நீ என்ன நினைக்கிறாய்?” என்றீர்கள். ஒல்லாந்தர் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று அளக்கத் தொடங்கினேன். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டீர்கள், சிரிக்கவில்லை. “அப்படியென்றால் கப்பலில் அதுகள் என்ன தின்றன?” என்று மட்டும் இடையில் கேட்டீர்கள். புள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நேர்முகத்தின்போது அந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சர் இவளிடமும் அப்படித்தான் கேட்டார். இவள் வாயே திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கடைசியில் பேசினாள், அதுவும் நிறையப் பேசினாள். வகுப்புக்கு இருபது பிள்ளைகள் என்றால் காத்திருக்கலாம். நாற்பதைத் தாண்டினால் யாராலும் முடியாது. ரீச்சராக வகுப்பில் உங்களாலும் முடியவில்லை அக்கா, சைக்கிளில்தான் முடிந்தது. நான் காசு கட்டுவது ஆங்கிலத்துக்கோ கழுத்துப்பட்டிக்கோ இல்லை. இவள் பின்னேரங்களில் ரியூசனுக்கு ஓடாமல் வலைப்பந்து விளையாடினால் அது கூடுதல் லாபம்.

கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வியைக் காசாக்குகிறாய் என்றீர்கள். சுட்டது. மாதாமாதம் ரியூசனுக்குக் கட்டியதை என்னவென்று சொல்வது? உங்கள் மகன் கொழும்பில் எங்கே படித்தான் என்று நான் ஒருநாளும் கேட்டேனா? வேண்டாம், இங்கே வேண்டாம்.

மனம் நொந்திருந்தால் மன்னியுங்கள். முகாமில் மரத்தடியில் சம்பளமில்லாமல் படிப்பித்த உங்களிடம் கட்டணப் பள்ளிக்கூடத்தின் நன்மைகளைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இவளும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இனி அவள் அங்கே, இவள் இங்கே. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் பிள்ளையைப் பழைய பள்ளிக்கூடத்திலேயே வைத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ரீச்சர் கிடைத்துவிடுவாரா என்றும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. புதுப் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைதான். போதாது, எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் மாமியிடம் அனுப்பட்டுமா என்று இவளே கேட்கிறாள். அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கூட வருவாளாம். நீங்கள் காசு வாங்கமாட்டீர்கள். வாங்கினால்தான் அனுப்புவேன். யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் தயவுசெய்து அத்தானிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.

தம்பி