பாயின் பின்னல் தெரிகிறது, கணக்கு எண் தெரியவில்லை: இணைய விண்ணப்பத் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு, வணக்கம்.

நான் தங்கச்சிமடத்தில் ஒரு சிறிய கணினி மையம் நடத்துகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள்களில்தான் எங்கள் பக்கத்து மக்கள் தகரப் பெட்டியைத் திறந்து, மீனவர் நல வாரிய அட்டை, படகுப் பதிவுச் சான்று, பாஸ்புக், கிரையப் பத்திரம் என்று உப்புக்காற்றில் பழுத்துப்போன தாள்களையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அவற்றைத் தளங்களில் ஏற்றும்போது "கோப்பு 200 கேபிக்கு மிகக் கூடாது" என்று ஒரு வரி தடுக்கிறது. எப்படியோ சுருக்கி ஏற்றிவிட்டால், பத்து நாள் கழித்து "ஆவணம் தெளிவில்லை" என்று இன்னொரு வரி வருகிறது. இரண்டையும் எழுதுவது ஒரே அலுவலகம் என்பதால்தான் இம்மடல்.

சென்ற ஆண்டு, கடற்பாசி எடுக்கும் அம்மா ஒருவரின் விண்ணப்பம் இப்படி இரண்டு முறை திரும்பியது. "என் பேரு இதுல இருக்குல்ல தம்பி, அப்புறம் என்ன தெளிவில்லைங்குறாக?" என்று கேட்டார். அவருடைய மகன் பனையோலைப் பாயின் மேல் பாஸ்புக்கை விரித்து, கைப்பேசியில் படமெடுத்து, ஏதோ ஓர் இலவசச் சுருக்குத் தளத்தில் கொடுத்து 180 கேபி ஆக்கியிருந்தார். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பாயின் பின்னல் ஓரளவு தெரிந்தது. கணக்கு எண்தான் தெரியவில்லை.

காரணம் எளிது. கைப்பேசிப் படம் ஜேபெக் முறையில் சேமிக்கப்படுகிறது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, நுணுக்கம் மிகுந்த கட்டத்துக்கு அதிக இடமும் வெறுமையான கட்டத்துக்குக் குறைந்த இடமும் ஒதுக்குகிறது. எது எழுத்து, எது பாய் என்று அதற்குத் தெரியாது. ஓலைப் பின்னல் முழுக்க நுணுக்கம் என்பதால், கொடுத்த 180 கேபியில் பெரும்பங்கைப் பாயே தின்றுவிட்டது. அதே பாஸ்புக்கை நான் ஸ்கேனரில் வைத்து, பக்கத்தின் ஓரத்தோடு கத்தரித்து, பழுப்பேறிய பின்னணியை வெளுக்கவைத்து, 200 டிபிஐயில் (அதாவது ஓர் அங்குல நீளத்துக்கு 200 புள்ளிகள்) சாம்பல் நிறப் படமாகச் சேமித்தபோது 140 கேபியில் முடிந்தது; ஒவ்வோர் எண்ணும் படிக்கக்கூடியதாக இருந்தது. தரத்தைக் குறைத்து அளவைக் குறைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். உங்கள் தளங்கள் அதையே முதல் வழியாக்கி விடுகின்றன.

ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐயில் எடுத்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். சுருக்காத வண்ணப் படமாக அது 26 எம்பி. சாம்பல் நிறமாக்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு. 150 டிபிஐக்கு இறக்கினால் புள்ளிகள் பாதியாவதில்லை, கால் பங்காகின்றன. ஆகவே 300-லிருந்து 200-க்கு வருவதே பெரிய இலாபம். அதற்கும் கீழே, இலவசத் தளங்கள் பல இறங்குவதுபோல் 72 வரை போனால், பத்துப் பாயிண்ட் அளவு அச்செழுத்துக்கு உயரம் பத்தே படப்புள்ளிகள்தான் கிடைக்கும். ஆங்கில எழுத்து அதில் ஒருவாறு பிழைத்துக்கொள்ளும். தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கு ஒரே ஒரு படப்புள்ளி மிஞ்சும், அதுவும் மங்கலாக. ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையிலுள்ள ஒரு சுழியும் அப்படியே கரைந்துவிடும். பெயர் ஆதாரோடு பொருந்தவில்லை என்று திரும்பும் விண்ணப்பங்களில் சில இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் அனுபவம்.

எண்களில் நேரும் தவறு இன்னும் மோசமானது. எங்கள் விசைப்படகுகளின் பதிவெண் "ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்" என்று தொடங்கி எண்களில் முடியும். அதில் 6 எது, 8 எது என்பதில்தான் படகின் உரிமையே நிற்கிறது. மங்கிய எண்ணைக் கண்டால் அலுவலர் சந்தேகப்படுவார். தெளிவாகத் தெரியும் தவறான எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர் 2013-ல் இதைத்தான் கண்டுபிடித்து வெளியிட்டார்: சில அலுவலக நகல் எந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது, ஒரே மாதிரி தோன்றும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைத் திரும்பப் பயன்படுத்தும் ஜேபிக்2 என்ற சுருக்கு முறையால் 6 இருந்த இடத்தில் 8-ஐ அழகாக வைத்துக் கொடுத்திருந்தன. அந்த முறையின் இழப்புள்ள வடிவத்தை, அதாவது மூலத்தை அப்படியே காக்காத வடிவத்தை, எண்கள் உள்ள ஆவணங்களுக்கு உங்கள் தளம் ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

தட்டச்சுப் பக்கத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக்கித் தொலைநகலுக்குரிய இழப்பில்லா முறையில் சுருக்கினால் 300 டிபிஐயிலும் பெரும்பாலும் நூறு கேபிக்குள் நின்றுவிடும். ஆனால் ஊதா மை முத்திரை கையெழுத்தின் மேல் விழுந்த பக்கத்தை அப்படிச் செய்தால் இரண்டும் ஒரே கறையாகிவிடும். அதற்கு வண்ணம் வேண்டும்.

இ-சேவையில் வாங்கிய சான்றிதழ்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மின்னணுக் கையொப்பத்தோடு வரும் பிடிஎஃப் கோப்பை அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். எழுத்தாகவே இருந்த சிறு கோப்பு அதனால் பல மடங்கு பெருத்த படமாகிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழியும் போய்விடுகிறது. பிறகு அந்தப் படத்தைச் சுருக்கச் சொல்கிறீர்கள்.

சிறிய கோப்பு வேண்டும் என்று நீங்கள் கேட்பதை நான் மறுக்கவில்லை. சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் கடற்கரைக் குடியிருப்பில் ஐந்து எம்பி ஏற்றுவது எவ்வளவு பாடு என்று எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் சுருக்கும் வேலையை விண்ணப்பதாரர் தலையில் கட்டாதீர்கள். படத்தைக் கத்தரிப்பதையும் அளவாக்குவதையும், அனுப்புவதற்கு முன்பே கைப்பேசியின் உலாவியிலேயே உங்கள் பக்கம் செய்து முடிக்க முடியும். அப்படிச் செய்தால் ஆதாரையும் பாஸ்புக்கையும் முகவரி தெரியாத இலவசத் தளங்களில் கொடுத்துச் சுருக்கும் அபாயமும் ஒழியும். வரம்பைக் கோப்புக்கு வைக்காமல் பக்கத்துக்கு வையுங்கள்: எட்டுப் பக்கக் கிரையப் பத்திரத்துக்கும் ஒரு பக்க அட்டைக்கும் ஒரே 200 கேபி என்றால், பத்திரத்துக்குப் பக்கம் ஒன்றுக்கு 25 கேபிதான். சேமிக்க இடமில்லை என்ற பதிலும் இன்று நிற்காது. ஒரு இலட்சம் விண்ணப்பங்களுக்குத் தலா ஒரு எம்பி என்றாலும் நூறு ஜிபிதான், அது நடுத்தர விலைக் கைப்பேசி ஒன்றிலேயே அடங்கும். ஏற்றிய கோப்பு அலுவலரின் திரையில் எப்படித் தெரியுமோ அப்படியே விண்ணப்பதாரருக்கும் ஒரு முறை காட்டிவிடுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால், எந்தப் பக்கத்தில் எந்த எழுத்து படிக்க முடியவில்லை என்று எழுதுங்கள்.

அந்த அம்மாவின் ஒப்புதலோடு, கணக்கு எண்ணின் பாதியை மறைத்து, பாயோடு எடுத்த 180 கேபி கோப்பையும் பாயில்லாத 140 கேபி கோப்பையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்துபவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.