நந்தவன உயிர்வேலித் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திருவொற்றியூரில் நம் கோயில் நந்தவனத்தின் கிழக்கு எல்லையில் நிற்கும் கொடுக்காப்புளி வேலியைக் கவாத்து செய்யும் வேலை நல்லபடியாக முடிந்தது. நடைபாதைக்குக் கல் பதித்தாயிற்று, தண்ணீர்க் குழாய் மாற்றியாயிற்று, துளசி மாடத்துக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று.

வேலியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். பிடுங்கிவிட்டு மதில் எழுப்பியிருக்கலாமே என்றார்கள் சிலர். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு பகலாகக் கன்டெய்னர் லாரி ஓடுகிறது. அந்தப் புழுதியில் ஒரு பங்கை இந்த இலைகள்தான் பிடித்து வைக்கின்றன. உப்புக் காற்றையும் தாங்கி நிற்கிற செடி இது. மதில் எழுப்பினால் புழுதி அதன் தலைக்கு மேலே ஏறி வந்து பூச்செடியில் இறங்கும்.

“சாலைப் பக்கம் காடாகவே கிடக்கிறதே, பாதி வேலைக்கு முழுப் பணமா?” என்பது அடுத்த கேள்வி. இந்த ஆண்டு பேசியதே உயரத்தைக் குறைப்பதற்கும் உள்பக்கத்தை வெட்டுவதற்கும் மட்டும்தான். பதினைந்து அடி வேலியை ஏழு அடிக்குக் கொண்டுவந்து, உள்பக்கத்தைத் தடித்த கொம்பு வரை ஒட்ட வெட்டினோம். இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் மொட்டையாக்கினால் துளிர் விடச் செடிக்கு இலை பலம் இருக்காது. கொடுக்காப்புளி பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும் என்பதால்தான் இவ்வளவு ஆழமாக வெட்டத் துணிந்தோம். சவுக்கு வேலியாக இருந்தால் தொட்டிருக்கவே மாட்டோம். வெளிப்பக்கம் அடுத்த ஆடியில்.

ஆடியில் வேலை தொடங்கலாமா என்று பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். கோடையில் காய் முடிய வேண்டும், ஐப்பசி மழைக்குள் துளிர் முற்ற வேண்டும். அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும். 2016 வர்தா புயலில் தலை கனத்த மரங்கள் சாய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் ஆடியை விட மனமில்லை.

இனி ஒப்பந்ததாரர் விஷயம். வேலியின் அடிப்பகுதி நான்கு அடி அகலம், உச்சி இரண்டரை அடி அகலம் என்று நூல் கட்டிக் காட்டினோம். மேலே அகன்றால் கீழே வெயில் விழாது, அடி வெறும் குச்சியாகிவிடும். இப்போது ஆடு நுழைகிற சந்தெல்லாம் அப்படி வந்ததுதான். அவரோ மெஷினை வைத்துச் சுவர் போல நேராக இறக்கப் பார்த்தார். நிறுத்தி, கத்தரியும் கைரம்பமும் கொண்டு செய்யச் சொன்னோம். அதிலிருந்தே முறைப்பு.

கழிவு அகற்றுவதும் சேர்த்து ரூ.48,000 என்று கையெழுத்துப் போட்டிருந்தார். குட்டியானை எனும் சின்னச் சரக்கு வண்டியில் இரண்டு லோடு எடுத்தார், மீதி முள்ளைத் தெருவில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் பிரதோஷம். செருப்பில்லாமல் வருகிற பக்தர்கள், இரண்டு ஆட்டோவுக்குப் பஞ்சர், தெருக்காரர்களின் ஏச்சு. போன் செய்தால் “லோடு ஜாஸ்தி, தனியா பணம் கொடுங்க” என்கிறார். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? வேறு வண்டி வைத்து ரூ.11,000 செலவில் அன்றிரவே அள்ளினோம். அவர் பில்லில் ரூ.7,500 பிடித்து ரூ.40,500 கொடுத்தோம். மொத்தம் ரூ.51,500. கூடுதலான ரூ.3,500 இப்படி வந்ததுதான். குழுவில் யார் பைக்கும் போகவில்லை. பிடித்த பணத்தைக் கேட்டு அவர் இன்னும் வருகிறார், நாங்களும் ஒப்பந்தத் தாளைத்தான் காட்டுகிறோம்.

தடித்த வெட்டுவாய்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை பூசினோம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். இரும்புப் பாத்திரம் ஆகாது என்பதால் பிளாஸ்டிக் வாளியில் கலக்கினோம்.

உபயதாரர்கள்: பசைப் பொருள்கள் – தேரடி உரக்கடைக்காரர்; தோல் கையுறை – தண்டையார்பேட்டை வெல்டிங் பட்டறை அண்ணன்; சாரக் கம்பு – காலடிப்பேட்டை மேஸ்திரி; குடிநீர் கேன் – காசிமேடு ஐஸ் வியாபாரச் சகோதரர்கள்; ஆட்களுக்கு மதியச் சாப்பாடு – மாட வீதி மெஸ் அக்கா; கூடுதல் ரூ.3,500 முழுவதும் – பெயர் போட வேண்டாம் என்ற ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். இவர்கள் எல்லோருக்கும் குழுவின் நன்றி.

உள்பக்கம் முழுக்க இப்போது துளிர் வந்திருக்கிறது. பிள்ளைகள் அதைக் கிள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பில்கள், ரசீதுகள், ஒப்பந்தத் தாள் எல்லாம் அலுவலகத்தில் இருக்கின்றன. மாலை பூஜைக்குப் பிறகு வந்து யாரும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நந்தவனத் திருப்பணிக் குழு